கடலுக்கடியில் வைட் ஆங்கிள்: மிரர்லெஸ் கேமராவுக்கு எந்த லென்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைவிங் பழகிய கொஞ்ச நாளில் பலருக்கும் கேமரா ஆசை வந்துவிடுகிறது. அந்தமான், புதுச்சேரி, திருகோணமலை என்று போய் வந்தவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மிரர்லெஸ் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓர் இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

தண்ணீருக்கடியில் லென்ஸை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. லென்ஸ், அதற்கு முன்னால் வரும் போர்ட் (கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் ஹவுசிங் பெட்டியின் கண்ணாடி முகப்பு), நீங்கள் எவ்வளவு கிட்டே போவீர்கள் என்கிற மூன்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பலவும் இங்கேதான் வந்து நிற்கும்.

1. தண்ணிக்குள்ள எதுக்கு வைட் லென்ஸ்? தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுத்தா ஆகாதா?

ஆகாது. கடல்நீர் நிறங்களை விழுங்கிவிடும், அதிலும் சிவப்பை முதலில். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பில் பெரும்பங்கு போய்விடுகிறது. பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசையாகப் போகும். இது ஆழத்துக்கு மட்டும் உள்ள கணக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படும் ஃபிளாஷ்) அடித்தால் அந்த வெளிச்சம் போகவும் வரவும் இரண்டு தடவை அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் நடுவில் ஆறு மீட்டர் தண்ணீர். அந்தப் படத்தில் மீன் இருக்கும், நிறம் இருக்காது.

நடைமுறையில் ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை மீட்டருக்குள் இருப்பதற்குத்தான் நல்ல நிறம் கிடைக்கும். அவ்வளவு கிட்டே நின்றுகொண்டு ஆள் உயரக் கடல் விசிறியை முழுசாகப் படத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் லென்ஸ் அகலமாகத்தான் இருந்தாக வேண்டும். தரையில் வைட் லென்ஸ் வாங்குவது மலையும் வானமும் சேர்ந்து வருவதற்கு. இங்கே வாங்குவது கிட்டே போவதற்கு.

2. ஹவுசிங்கோட தட்டையான போர்ட் வந்துச்சு. என் 24 மி.மீ. லென்ஸை அதுக்குப் பின்னாடி வச்சா போதாதா?

தம்ளர் தண்ணீரில் போட்ட கரண்டி வளைந்து தெரிகிறதே, அதேதான் இங்கேயும். தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்க்கும்போது எல்லாம் சுமார் 1.33 மடங்கு பெரிதாகத் தெரியும். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் உள்ள கேமராவில்) 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும். தட்டைப் போர்ட்டுக்குப் பின்னால் அது 60 டிகிரிக்குச் சுருங்கிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் நல்ல பங்கைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது.

இன்னும் அகலமான லென்ஸ் போட்டால் ஓரங்களில் கோடுகள் உள்நோக்கி வளையும், நிறம் பிரிந்து ஊதாவும் பச்சையுமாக விளிம்பு கட்டும். எவ்வளவு அகலமான லென்ஸாக இருந்தாலும் தட்டைப் போர்ட் வழியாக 97 டிகிரிக்கு மேல் தண்ணீருக்குள் பார்க்கவே முடியாது. ஒளி அந்தக் கோணத்துக்கு மேல் வளைந்து வராது. தட்டைப் போர்ட்டை மேக்ரோவுக்கு (சின்ன உயிர்களை மிகக் கிட்டே எடுப்பதற்கு) வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது அருமையான பொருள்.

3. அப்போ டோம் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

டோம் என்பது கிண்ணம்போல் வெளியே வளைந்த போர்ட். அதில் கோணம் சரியாகிவிடும். வேறு இரண்டு சிக்கல்கள் வரும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீருக்குள் போனதும் டோமே ஒரு லென்ஸாக மாறிவிடுகிறது. வெளியே இருக்கும் காட்சியை அது தனக்கு முன்னால், மிகக் கிட்டே, ஒரு மாயப் பிம்பமாகக் கொண்டுவந்து நிறுத்தும். கணக்கு எளிது: டோமின் வளைவு ஆரத்தைப் போல மூன்று மடங்கு. ஆரம் 10 செ.மீ. என்றால், எவ்வளவு தொலைவில் இருக்கும் பாறையும் டோமுக்கு 30 செ.மீ. முன்னால் இருப்பதாகத்தான் உங்கள் லென்ஸுக்குத் தெரியும். டோமுக்கு ஓர் அடி முன்னால் இருக்கும் மீன் அதைவிடவும் கிட்டே வந்துவிடும். ஆகவே கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ் டோமுக்குப் பின்னால் செல்லாக்காசு. ஆரம் 5 செ.மீ. உள்ள சின்ன டோம் என்றால் அந்த 30 செ.மீ. பாதியாகிவிடும், லென்ஸ் இன்னும் சிரமப்படும்.

இரண்டாவது சிக்கல், அந்த மாயப் பிம்பம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருப்பது. சென்சாரோ தட்டை. நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலைகள் ஃபோகஸ் தளத்தை விட்டு விலகிவிடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, குறைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும் (எஃப் எண் பெரிதானால் துளை சிறிது).

4. ஃபிஷ்ஐ வாங்கவா, 16-35 மாதிரி சாதாரண வைடு வாங்கவா? ரெண்டும் வாங்க வசதியில்லை.

பவளப்பாறை, கடல் விசிறி, சிதைந்த கப்பல், கிட்டே வருகிற ஆமை இவைதான் உங்கள் ஆசை என்றால் ஃபிஷ்ஐ, அதாவது ஓரக் கோடுகளை வளையவிட்டு மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ். யோசிக்கவே வேண்டாம். மூலைக்கு மூலை 180 டிகிரி கிடைக்கும். பெரும்பாலான ஃபிஷ்ஐ லென்ஸ்கள் முன்கண்ணாடியைத் தொடும் அளவுக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகும். கேனான் 8-15 மி.மீ. சென்சாரிலிருந்து சுமார் 15 செ.மீ. வரை வரும். அதனால் 3-வது பதிலில் சொன்ன முதல் சிக்கல் ஃபிஷ்ஐக்குப் பொருட்டே இல்லை. இரண்டாவதும் குறைவு, ஏனென்றால் ஓரங்களை இழுத்து நேராக்கும் வேலையை அது செய்வதில்லை. சின்ன டோமே போதும் என்பது கூடுதல் லாபம்.

‘கோடெல்லாம் வளையுமே’ என்பதுதான் எல்லோருடைய பயமும். கடலுக்கடியில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? பாறை வளைந்தாலும் பாறைதான். கப்பலின் பாய்மரமோ படியோ ஓரத்தில் வந்தால் வளைவு தெரியும். அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. கூட வரும் டைவரின் காலை மட்டும் ஓரத்தில் விடாதீர்கள், துடுப்பு அவரைவிட நீளமாக வந்துவிடும்.

ஃபிஷ்ஐ கைவிடுவது ஓரிடத்தில்தான்: கிட்டே வராத உயிரினங்கள். சீலா மீன் கூட்டம், சுறா, கொம்புத் திருக்கை போன்றவை மூன்று நான்கு மீட்டரில் திரும்பிப் போய்விட்டால் ஃபிஷ்ஐயில் அவை புள்ளிகள். அவற்றுக்கு 16-35 தான் சரி. ஆனால் அதற்குப் பெரிய டோம் வேண்டும், எஃப்/11, எஃப்/16 வரை அப்பர்ச்சரைக் குறைக்க வேண்டும். ஓரத்தில் மாட்டிய மீனின் தலை இழுபட்டுத் தெரிவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் லென்ஸாக 16-35 வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

5. எஃப்/2.8 லென்ஸ்தானே நல்லது? தண்ணிக்குள்ள இருட்டாத்தானே இருக்கும்?

ஸ்டில் படத்துக்கு வீண் செலவு. டோமுக்குப் பின்னால் எஃப்/2.8-இல் எடுத்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் கூர்மையாக இருக்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். நீங்கள் எப்படியும் எஃப்/8-க்குக் கீழே இறங்கப் போவதில்லை. எஃப்/4 லென்ஸ் எடை குறைவு, விலை குறைவு, பல நேரம் டோமுக்குள் சுலபமாக அடங்கும். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது ஸ்ட்ரோப் வாங்குங்கள், படத்தில் வித்தியாசம் தெரியும்.

ஸ்ட்ரோப் இல்லாமல், கிடைக்கிற வெளிச்சத்தில் வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது.

6. கேமராவோட வந்த கிட் லென்ஸ் சும்மா கிடக்கு. அதுக்கு முன்னாடி மாட்டுற வெட் லென்ஸ்னு சொல்றாங்களே, அது என்ன? ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை. சமீப வருடங்களில் மிரர்லெஸ் பக்கம் நடந்த மிக நல்ல விஷயம் அதுதான் என்பேன். தட்டைப் போர்ட்டுக்கு வெளியே, தண்ணீர் தொடும்படி மாட்டுகிற துணை லென்ஸ் அது. தண்ணீரையும் கணக்கில் சேர்த்தே வடிவமைக்கப்படுவதால் 2, 3 இரண்டு பதில்களிலும் சொன்ன சிக்கல்கள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. நௌட்டிகாம் நிறுவனத்தின் டபிள்யூ.டபிள்யூ.எல்-1பி இதில் பிரபலம். சோனியின் சின்ன 28-60 கிட் லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் 130 டிகிரி கிடைக்கும், ஜூமும் வேலை செய்யும். கிட்டே வந்த பாறையையும் தள்ளி நின்ற ஆமையையும் ஒரே டைவில் எடுக்கலாம். நிக்கான் இசட் 24-50 வைத்திருப்பவர்களும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். தரையில் யாரும் மதிக்காத கிட் லென்ஸ், கடலுக்கடியில் விலையுயர்ந்த 16-35-ஐவிட மூலைகளில் தெளிவாகப் படம் தருவது வேடிக்கைதான்.

குறைகளும் உண்டு. வெட் லென்ஸின் விலை ஒரு நல்ல லென்ஸ் விலைக்குக் குறையாது. தண்ணீரில் இறங்கியதும் அதற்கும் போர்ட்டுக்கும் நடுவே காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும்; ஒருமுறை கழற்றி மாட்டி அல்லது ஆட்டி வெளியேற்ற வேண்டும், மறந்தால் அந்த டைவ் முழுக்கப் படத்தில் குமிழ்தான். பாதி நீர் பாதி வானம் வகைப் படங்களுக்கு இது உதவாது.

7. என்னோடது ஏபிஎஸ்-சி, சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. ஃபுல் ஃபிரேமுக்கு மாறிட்டு அப்புறம் ஹவுசிங் வாங்கட்டுமா?

வேண்டாம். தரையில் ஃபுல் ஃபிரேமுக்கு இருக்கிற அனுகூலத்தில் பாதி, டோமுக்குப் பின்னால் கரைந்துவிடுகிறது. மூலை சரியாக வர ஃபுல் ஃபிரேம்காரர் எஃப்/16 வைக்கும் இடத்தில், ஏபிஎஸ்-சியைவிடவும் சின்ன சென்சார் வைத்திருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர் எஃப்/8 வைத்தே அதே ஆழத் தெளிவைப் பெறுகிறார். ஹவுசிங், டோம், விமானத்தில் தூக்கிப்போகும் எடை எல்லாமே சிறிசு.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பானசானிக் 8 மி.மீ. எஃப்/3.5, ஒலிம்பஸ் 8 மி.மீ. எஃப்/1.8 என்று இரண்டு நல்ல ஃபிஷ்ஐ உண்டு. சோனி ஏபிஎஸ்-சி என்றால் 10-18 எஃப்/4, அல்லது 16-50 கிட் லென்ஸோடு வெட் லென்ஸ். டி.எஸ்.எல்.ஆர். காலத்தில் டைவர்கள் கொண்டாடிய டோகினா 10-17 ஃபிஷ்ஐ ஜூமைச் சிலர் அடாப்டர் போட்டு இன்னும் ஓட்டுகிறார்கள்.

8. ஹவுசிங் முதல்ல வாங்கணுமா, லென்ஸ் முதல்லயா அண்ணா?

இரண்டையும் காகிதத்தில் முடிவு செய்த பிறகுதான் எதையும் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஹவுசிங் நிறுவனமும் எந்த லென்ஸுக்கு எந்த டோம், எந்த ரிங் (டோமை முன்னே தள்ளும் வளையம்), எந்த ஜூம் கியர் (ஹவுசிங்குக்கு வெளியிலிருந்து ஜூமைத் திருப்பும் பற்சக்கரம்) என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். நீங்கள் நினைத்த லென்ஸ் அதில் இல்லையென்றால் அந்த லென்ஸை மறந்துவிடுங்கள். ‘எப்படியாவது பொருத்திடலாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

9. சோனி ஃபுல் ஃபிரேமுக்கு ஃபிஷ்ஐயே இல்லைங்கிறாங்க. அப்போ நாங்க என்ன பண்றது?

ஆட்டோஃபோகஸோடு சோனியே தனி லென்ஸாக விற்கும் ஃபிஷ்ஐ இல்லை என்பது உண்மை. அதற்கு வழிகள் இருக்கின்றன. பரவலானது, கேனான் இ.எஃப். 8-15-ஐ மெட்டாபோன்ஸ் அல்லது சிக்மா எம்.சி-11 அடாப்டரில் மாட்டுவது. ஃபுல் ஃபிரேமில் 8-இல் வட்டப்படம் வரும், 15-இல் சட்டம் நிறையும். இன்னொன்று சோனியின் 28 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு முன்னால் அவர்களே தரும் ஃபிஷ்ஐ கன்வெர்ட்டர். மூன்றாவது, நௌட்டிகாமின் எஃப்.சி.பி-1, அதே 28-60 கிட் லென்ஸை ஃபிஷ்ஐ ஜூமாக மாற்றிவிடும். பெரிசு, விலை பயங்கரம்.

கேனான் ஆர்.எஃப்.காரர்களுக்கு அதே 8-15 கேனானின் சொந்த அடாப்டரில் சிரமமின்றி ஓடும். நிக்கான் இசட்காரர்களுக்கு நிக்கானின் 8-15, எஃப்.டி.இசட் அடாப்டரோடு. அடாப்டர் சேர்ந்தால் லென்ஸ் முன்னால் தள்ளிப்போகும், ரிங் கணக்கு மாறும். 11-வது பதிலைப் பாருங்கள்.

மலிவான மேனுவல் ஃபிஷ்ஐகளும் கிடைக்கின்றன. எல்லாம் மாயப் பிம்பத்தின் அந்தச் சில சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால், ஃபோகஸை ஏறத்தாழ அந்தத் தூரத்தில் வைத்து டேப் ஒட்டிவிட்டு எஃப்/11-இல் ஓட்டலாம். நிறையப் பொறுமை வேண்டும்.

10. டோம் சின்னதா பெருசா? அக்ரிலிக்கா கண்ணாடியா?

ஃபிஷ்ஐக்குச் சின்னது: 4 அங்குலம், 140 மி.மீ. மாதிரி. பாறை இடுக்கில் நுழைக்கலாம், நண்டுக்கு முன்னால் ஒரு விரற்கடையில் நிறுத்தலாம். 16-35 வகைக்குப் பெரியது: 8, 9 அங்குலம், 230 மி.மீ. பெரிய டோமுக்குள் இருக்கும் காற்று தண்ணீரில் மேலே இழுக்கும். ஒரு மணி நேர டைவில் மணிக்கட்டு வலிக்கும். அங்குலம் என்று சொல்வது விட்டம், வளைவு ஆரம் வேறாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். 3-வது பதிலின் கணக்குக்கு ஆரம்தான் முக்கியம்.

அக்ரிலிக் லேசானது, மலிவு, கீறல் விழுந்தால் பாலிஷ் போடலாம். சின்னக் கீறல்கள் தண்ணீருக்குள் பெரும்பாலும் படத்தில் தெரியாது. கண்ணாடியில் கீறல் லேசில் விழாது, விழுந்தால் செலவு.

பெரிய டோமோடு பாறைக்குப் பக்கத்தில் போகும்போது மிதவைக் கட்டுப்பாடு நன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. சட்டத்தை விடுங்கள், டோமால் இடித்து உடைத்த கிளை நீங்கள் அடுத்த வருடம் போனாலும் உடைந்தேதான் இருக்கும்.

11. எக்ஸ்டென்ஷன் ரிங் கட்டாயமா? பத்து மி.மீ. கூடக் குறைய இருந்தா என்ன ஆகும்?

லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு துளை தெரியும் இல்லையா, அந்தத் துளை இருப்பதாகத் தெரியும் இடம் டோமின் வளைவு மையத்தில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஒளிக்கதிர்கள் டோமை நேர்குத்தாகத் தாண்டி, வளையாமல் வரும். அதற்காக டோமை முன்னே தள்ளுவதுதான் ரிங்கின் வேலை. அளவு தப்பினால் ஓரங்கள் மங்கும், அல்லது டோமின் நிழல்மூடி மூலையில் கறுப்பாக விழும். பத்து மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியும் தவறுதான். 8-வது பதிலில் சொன்ன அட்டவணை என்ன சொல்கிறதோ அதையே வாங்குங்கள்.

12. நடுவுல நல்லா வருது, மூலையெல்லாம் மங்கலா இருக்கு. லென்ஸ் பழுதா?

அதே லென்ஸில் தரையில் ஒரு சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் லென்ஸ் மேல் பழியில்லை. முதலில் அப்பர்ச்சர், பிறகு ரிங், பிறகு டோமின் அளவு என்ற வரிசையில் பாருங்கள். விளக்கம் 3, 10, 11-இல். மூன்றும் சரி, இன்னும் மங்கல் என்றால் படம் அமைக்கும் விதத்தை மாற்றுங்கள்: மூலைகளில் நீலத் தண்ணீர் மட்டும் வரும்படி வைத்தால் மங்கல் யாருக்கும் தெரியாது. அனுபவசாலிகள் பலரும் செய்வது இதுதான், வெளியே சொல்வதில்லை.

13. பாண்டிச்சேரில டைவ் போனோம், அஞ்சு மீட்டர்தான் தெரிஞ்சுது. அங்கல்லாம் வைடு எடுத்துட்டுப் போறது வீண்தானே?

அங்கேதான் ஃபிஷ்ஐயும் சின்ன டோமும் தங்கள் அருமையைக் காட்டும். ஒரு சிங்கமீனையோ விலாங்கையோ டோமுக்கு ஓர் அடிக்குள் கொண்டுவாருங்கள். நடுவில் தண்ணீரே இல்லாததால் கலங்கலும் இல்லை. பின்னணிப் பச்சை அப்படியே அழகாக நிற்கும். ஸ்ட்ரோப் இரண்டையும் கைப்பிடிக்குப் பின்னால் இழுத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். ஒளியின் உள்விளிம்பு மட்டும் மீனைத் தொட்டால் போதும். நேராகக் குத்த வைத்தால் மிதக்கும் தூசு எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். 180 டிகிரி முழுவதற்கும் வெளிச்சம் போட முயலாதீர்கள்; எந்த ஸ்ட்ரோப்பாலும் ஆகாது, தேவையும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் தூரம் இரண்டு மூன்று மீட்டருக்கும் கீழே போய்விட்டதென்றால் மேக்ரோவை மாட்டுங்கள்.

14. பாதி தண்ணி, பாதி வானம் படம் எடுக்கணும். எந்த செட்டப்?

பெரிய டோம். சின்ன டோமில் நீர்க்கோடு சட்டத்தில் பாதியை விழுங்கிவிடும், சிற்றலை வந்தாலே ஆட்டம் முடிந்தது. ஃபோகஸைத் தண்ணீருக்குள் இருக்கும் பாதியில் வையுங்கள், அப்பர்ச்சர் எஃப்/16 பக்கம். டோமில் துளிகள் நிற்காமலிருக்க எச்சில் தடவி முக்கி எடுப்பது பழைய வழி, இன்றைக்கும் அதுதான் வழி. அக்ரிலிக் கீறல்கள் வானத்துப் பாதியில் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

15. படத்துல வெள்ளையா எழுத்து வட்டமா விழுது. பேயா?

லென்ஸின் முன்வளையத்தில் அச்சடித்திருக்கும் பெயரும் எண்ணும் டோமின் உட்பக்கத்தில் பிரதிபலிக்கின்றன. கறுப்பு மார்க்கர் அல்லது கறுப்பு டேப். ஐந்து நிமிட வேலை.

16. எங்க சித்தப்பாகிட்ட பழைய நிக்கோனோஸ் 15 மி.மீ. லென்ஸ் இருக்கு. அதை மிரர்லெஸ்ல மாட்டலாமா?

நல்ல கேள்வி. பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்டோவின் குழுவினருக்காக உருவான கலிப்ஸோ கேமராவின் உரிமையை வாங்கி, நிக்கான் 1963-இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2001 வரை அந்த வரிசை ஓடியது. ஹவுசிங் இல்லாமல் கேமராவும் லென்ஸும் அப்படியே தண்ணீரில் இறங்கும். இந்த 15 மி.மீ. எஃப்/2.8, முன்கண்ணாடியைத் தண்ணீர் தொடுவதாகக் கொண்டே வடிவமைக்கப்பட்டது, தண்ணீருக்குள் 94 டிகிரி. டோமும் இல்லை, மாயப் பிம்பமும் இல்லை. மூலைவரை தெளிவு என்றால் இன்றைக்கும் இதைச் சொல்பவர்கள் உண்டு. தரையில் அதைச் சோதித்துப் பார்க்க மட்டும் முடியாது, தண்ணீருக்கு வெளியே படம் சரியாக வராது.

அதன் பின்பகுதி கேமராவுக்குள் ஆழமாக நீளும். டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி குறுக்கே நின்றதால் வழியில்லை. மிரர்லெஸில் அந்தத் தடை இல்லை, அதனால் சில ஹவுசிங்குகளுக்கு இதற்கான அடாப்டர் வந்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸில் உள்ள குமிழைத் திருப்ப வேண்டும், அப்பர்ச்சருக்கும் அப்படியே. உங்கள் ஹவுசிங்குக்கு அடாப்டர் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், லென்ஸின் ஓ-ரிங்குகளை (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றி, உள்ளே பூஞ்சையோ பனிமூட்டமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள். நம் ஊர்க் கடற்கரை ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ் என்றால் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம்.